நாடகப் பாட்டை வைத்து வாட்ஸ்அப்பில் விளையாடுவது எப்படி: ஸ்பெஷல் நாடக ரசிகருக்கு ஒரு கையேடு

திரைப்பாடல்களை வைத்து விளையாடும் வாட்ஸ்அப் குழு ஒன்றிலாவது இல்லாத குடும்பம் இப்போது அரிது. முன்னிசையில் சில நொடிகளை வெட்டி ஒருவர் போடுவார். பாட்டை முதலில் சொன்னவருக்கு மதிப்பெண். இதே விளையாட்டை அப்படியே ஸ்பெஷல் நாடகப் பாட்டுகளுக்குக் கொண்டுவந்தால் அது சரிவர நடப்பதில்லை. திரைப்பாட்டுக்கு ஊரறிந்த ஒரே ஒலிப்பதிவு இருக்கிறது. குழுவில் உள்ள அனைவர் காதிலும் அதே முன்னிசை, அதே குரல்தான் பதிந்திருக்கும். நாடகப் பாட்டுக்கு அப்படி ஒரு மூலப் பதிவு கிடையாது. வள்ளி திருமணத்தில் வேடன் உருவில் வரும் முருகன் பாடும் ‘காயாத கானகத்தே’ பாட்டை 1945-இல் வெளிவந்த திரைப்படத்தில் டி.ஆர். மகாலிங்கம் பாடியதால் பலரும் அந்த ஒரு வடிவத்தையே அறிந்திருக்கிறார்கள். ஆனால் பங்குனி மாதத்தில் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் கதாநாயக வேடம் ஏற்கும் நான்கு ராஜபார்ட்டுகளிடம் அதே பாட்டைக் கேட்டால், எடுப்பு, ஓர் அடியை மாற்றி மாற்றிப் பாடும் சங்கதி, அடியை விரித்து நிரவும் இடம், நடுவே தாளமில்லாமல் நுழைக்கும் விருத்தம் என எல்லாமே ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆகவே இந்த விளையாட்டை ஒலிப்பதிவின் மேல் கட்டக் கூடாது. பாட்டு வரும் கட்டத்தின் மேல் கட்ட வேண்டும். கீழே சொல்லப்படும் விதிகள் அனைத்தும் இதிலிருந்து பிறப்பவையே.

ஸ்பெஷல் நாடகம் பார்த்திராதவர்களுக்காகச் சிறிது விளக்கம் தேவைப்படுகிறது. இது ஒரு கம்பெனி ஊர் ஊராகக் கொண்டுசெல்லும் நாடகமன்று. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், கதாநாயகி வேடமேற்கும் ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்தும், கோமாளியான பபூனும் டான்ஸ் நடிகையும் வேறோர் ஊரிலிருந்தும், ஹார்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு எனப்படும் பல தாளக் கருவிகளின் தொகுப்பு ஆகியவற்றை வாசிப்பவர்கள் தனித்தனியாகவும் அந்த ஓர் இரவுக்கென்று ஒப்பந்தம் செய்யப்படுகிறார்கள். இயக்குநர் இல்லை, ஒத்திகையும் இல்லை. ஒப்பனைக் கொட்டகையில் சந்தித்துக்கொள்ளும் இவர்கள் இரவு பத்து மணியளவில் தொடங்கி விடியும்வரை ஒரு முழு நாடகத்தை நடத்திவிட முடிவதற்குக் காரணம், பாடமும் பாட்டும் எல்லோருக்கும் பொதுவாக இருப்பதுதான். அந்தப் பொதுப் பாடத்தில் பெரும்பகுதி சங்கரதாஸ் சுவாமிகள் தந்தது. 1867-இல் தூத்துக்குடியில் பிறந்து 1922-இல் புதுச்சேரியில் மறைந்த அவர், வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, அல்லி அர்ஜுனா போன்ற நாடகங்களை எழுதினார். மதுரையில் 1918-இல் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில்தான் பின்னாளில் புகழ்பெற்ற நாடக நடிகர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்து பயின்றனர். நூறாண்டு கடந்தும் அந்தப் பாடம் மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, புதுக்கோட்டை வட்டாரத் திருவிழாக்களில் உயிரோடு இருக்கிறது.

நாடகத்துக்குப் போவது

விளையாட்டுக்கான சரக்கு முழுவதும் யூடியூபில் கிடைக்கும் என்று நினைத்துத் தொடங்குபவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது, ஒரு முறையாவது நேரில் போய் உட்காருங்கள் என்பதுதான். மாசி முதல் வைகாசி வரை கோயில் திருவிழாக்கள் நெருக்கமாக வரும். அந்த மாதங்களில் மேற்சொன்ன மாவட்டங்களில் சுவரொட்டிகளைக் கவனித்தாலே போதும். நோட்டீஸில் நடிகர்களின் படமும், அவற்றின் கீழே பெயரும் ஊரும் ஏற்கும் பாத்திரமும் அச்சிடப்பட்டிருக்கும். புதியவர்கள் ராஜபார்ட்டின் படத்தைத்தான் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது ஹார்மோனியக்காரர் பெயரை. ஒத்திகையில்லாத மேடையில் பின்பாட்டுப் பாடி, அடுத்த அடியை எடுத்துக்கொடுத்து, தடுமாறுபவரைத் தாங்கி, நீண்டுபோகும் கட்டத்தைச் சுருக்கி, மொத்த இரவையும் நடத்துபவர் அவரே. அவர் தேர்ந்தவராக இருந்தால் நடுத்தர நடிகர்களைக் கொண்டும் நல்ல நாடகம் அமைந்துவிடும்.

முதல் நாடகமாக வள்ளி திருமணத்தையே தேர்ந்தெடுங்கள். அதிகம் நடப்பதும் அதுவே. கதை தெரிந்திருப்பதால் கவனத்தைப் பாட்டில் வைக்க முடியும். தொடக்கத்தில் கடவுள் வாழ்த்தும் பக்திப் பாடல்களும், பிறகு நெடுநேரம் பபூனும் டான்ஸும் வருவார்கள். நாடகம் எப்போது தொடங்கும் என்று அப்போது பொறுமையிழக்க வேண்டாம். திரைமெட்டுகள் நாடக மேடைக்குள் எப்படி வந்துபோகின்றன என்பதை அந்த நேரத்தில்தான் நன்றாகப் பார்க்கலாம். அதன் பின் வருபவைதான் நம் விளையாட்டுக்கு உரியவை: தினைப்புனத்தில் வள்ளி ஆலோலம் பாடிப் பறவைகளை விரட்டுவது, நாரதர் அவளோடு தர்க்கம் செய்வது, வேடனாக வரும் முருகனோடு அவள் நடத்தும் தர்க்கம், கிழவர் வேடம், யானை, இறுதியில் திருமணம்.

ஹார்மோனியம் மேடையின் எந்த ஓரத்தில் இருக்கிறதோ அந்தப் பக்கமாக, ஒலிபெருக்கிக்கு நேரெதிராக இல்லாத இடத்தில் பாயை விரியுங்கள். விடியற்காலையில் குளிரெடுக்கும் என்பதால் ஒரு துண்டோ போர்வையோ இருப்பது நல்லது. சிறு குறிப்பேடு ஒன்று கட்டாயம் தேவை. ஒவ்வொரு பாட்டுக்கும் நான்கு செய்திகளை எழுதுங்கள்: பாட்டின் முதலடி, பாடுபவர் எந்தப் பாத்திரம், யாரை நோக்கிப் பாடுகிறார், பாட்டு முடிந்ததும் கதையில் என்ன மாறுகிறது. ராகம் தெரிந்தால் எழுதலாம், தெரியாவிட்டால் குறையில்லை. சுருதியை அறிய விரும்புபவர்கள் கைப்பேசியில் சுருதிப்பெட்டிச் செயலி ஒன்றை வைத்துக்கொண்டு, ஒலியை மிகக் குறைத்துக் காதருகே பிடித்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். சுருதியின் அளவு ஐந்தரைக் கட்டையா ஆறு கட்டையா என்பது சிறிது பழகினால் பிடிபட்டுவிடும். பாடுபவர் மாறும்போது சுருதியும் மாறுகிறதா என்று குறித்துக்கொள்வது பின்னால் நல்ல கேள்வியாகும்.

விருத்தத்தைத் தனியாகக் கவனியுங்கள். தாளக்கட்டு இல்லாமல் பாடப்படும் அந்த நான்கடிகளில் ஹார்மோனியக்காரரின் விரல்கள் பாடகரின் குரலைப் பின்தொடர்ந்து போகும். பாடகர் அடியை முடித்து மூச்சு வாங்கும்போது, அதே சங்கதியைப் பெட்டியில், அதாவது ஹார்மோனியத்தில், வாசித்துக் காட்டிவிட்டு, கடைசிச் சுரத்தை நீட்டிப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்ப்பார். அடுத்து வரும் பாட்டின் தாளம் மிருதங்கக்காரருக்குத் தெரிவதும் அந்த நொடியில்தான். பாட்டு வரப்போகிறது என்பதை அறிவிக்கும் இந்த இடமே நாடகத்தின் முன்னிசை. விளையாட்டில் வெட்டிப் போட வேண்டியதும் இதையே.

பதிவு செய்வதில் உள்ள ஒழுங்கு

சங்கரதாஸ் சுவாமிகளின் பாடல் வரிகளைப் பயன்படுத்த யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. எழுதியவர் மறைந்து 60 ஆண்டுகள் வரையே இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் காப்பளிக்கிறது; அது எப்போதோ கடந்துவிட்டது. ஒலிப்பதிவுக்கும் வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் என்பதால், 1933-இல் தம் 27-ஆம் வயதிலேயே மறைந்த நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் இசைத்தட்டுகளைத் தயங்காமல் பகிரலாம். ஆனால் நேற்றிரவு மேடையில் பாடியவரின் குரல் அப்படிப்பட்டதன்று. நிகழ்த்துகலைஞருக்கு அவர் நிகழ்ச்சியின் மீது 50 ஆண்டு உரிமை உண்டு. சட்டத்தை விட்டாலும், இரவெல்லாம் தொண்டை வறளப் பாடிப் பிழைப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்பது மரியாதை. ஒப்பனை தொடங்குமுன் கொட்டகைக்குப் போய், ‘அண்ணே, உங்க பாட்டுல அரை நிமிஷம் மட்டும் பதிவு பண்ணி எங்க குழுவுக்குள்ள போட்டுக்கலாமா?’ என்று கேட்டால் பெரும்பாலானோர் மறுப்பதில்லை. சிலர் தாமே நல்ல இடம் எது என்று சொல்லி, அந்த இடம் வரும்போது நம் பக்கம் ஒரு பார்வையும் பார்ப்பார்கள். மறுத்தால் அத்தோடு விட்டுவிட வேண்டும்.

ஒன்றை மட்டும் எந்த நிலையிலும் குழுவில் போடாதீர்கள்: பபூன், டான்ஸ் காட்சியின் இரட்டை அர்த்தப் பேச்சுகள். பந்தலில் குழந்தை குட்டிகளோடு அமர்ந்து கேட்கும்போது அந்தப் பேச்சுக்கு ஓர் எல்லையும் ஒரு பதிலடியும் உண்டு. பல சமயம் நடிகையின் பதிலடிக்குத்தான் கைத்தட்டல் அதிகம். அதை அரை நிமிடமாக வெட்டிக் கைப்பேசிகளுக்கு அனுப்பும்போது பதிலடி உதிர்ந்து, அந்தப் பெண்ணின் முகம் மட்டும் ஊர் ஊராகச் சுற்றும். நாடக நடிகைகள் ஏற்கெனவே சுமக்கும் பழிச்சொல் போதும். நாம் வேறு கூட்ட வேண்டியதில்லை.

பாட்டு வரிகளைச் சரிபார்க்கப் பழைய பாட்டுப் புத்தகங்கள் உதவும். சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் நாடக நூல்கள் கிடைக்கின்றன. அவற்றில் பாட்டின் தலைப்பில் ராகம், தாளத்தோடு வர்ணமெட்டு என்றும் ஒரு வரி இருக்கும். எந்தப் பழைய பாட்டின் மெட்டில் இதைப் பாட வேண்டும் என்பதற்கான குறிப்பு அது. இந்துஸ்தானி மெட்டும் பார்சி நாடக மெட்டும் தமிழ் மேடைக்கு வந்து சேர்ந்த தடத்தை இந்த ஒற்றை வரிகளிலிருந்தே தொடர முடிகிறது என்பதால் எனக்கு அவற்றின் மேல் தனிப் பிரியம்.

விளையாட்டுகள்

குழுவில் பத்து முதல் இருபது பேர் இருந்தால் போதும். வாட்ஸ்அப் ஒரு குழுவில் 1,024 பேர் வரை அனுமதிக்கிறது என்றாலும், இருபதைத் தாண்டினால் பாட்டைக் கேட்பவர்களைவிடக் காலை வணக்கம் அனுப்புபவர்கள் அதிகமாகிவிடுவார்கள். நடத்துபவர் ஒருவரை மாதம்தோறும் மாற்றுங்கள். விடைகள் குழுவில் வராமல் நடத்துபவரின் தனி எண்ணுக்கு வர வேண்டும் என்பதை முதல் நாளே விதியாக்கிவிட்டால், ஒருவர் விடையைப் பார்த்து மற்றவர் எழுதும் வழக்கு எழாது. பாட்டின் ஒலித் துண்டைப் போட்டதும் குழு அமைப்பில் ‘நிர்வாகிகள் மட்டும் செய்தி அனுப்பலாம்’ என்று மாற்றி, விடை நேரம் முடிந்த பிறகு திறந்துவிடுவதும் நல்ல ஏற்பாடு.

தொடக்கத்துக்கு ஏற்றது கட்டம் சொல்லும் விளையாட்டு. நடத்துபவர் ஒரு பாட்டின் இருபது நொடித் துண்டைப் போடுவார். பாட்டின் பெயரைச் சொல்வதற்கு மதிப்பெண் கிடையாது. யார் பாடுவது என்பதற்கு 1, யாரிடம் என்பதற்கு 1, இதற்குப் பின் கதையில் என்ன நடக்கும் என்பதற்கு 2. இந்தப் பங்கீட்டில்தான் விளையாட்டின் உயிர் இருக்கிறது. திரைப்பட வடிவத்தை மனப்பாடமாக வைத்திருப்பவரைவிட, ஒரு முறையேனும் நாடகத்தை முழுதாகப் பார்த்தவருக்கு இங்கே அனுகூலம் கிடைக்கிறது. ஒரே பாட்டை இரண்டு ராஜபார்ட்டுகள் பாடிய துண்டுகளை அடுத்தடுத்துப் போட்டு, இரண்டும் ஒன்றுதான் என்று கண்டுபிடிப்பவருக்குக் கூடுதல் மதிப்பெண் தரலாம். எளிதாகத் தோன்றும் இந்தக் கேள்வியில் தேர்ந்த ரசிகர்களே தடுமாறுவார்கள்.

இரண்டாவது, நொடி விளையாட்டு. 2022-இல் உலகெங்கும் பரவி, ஸ்பாட்டிஃபை வாங்கிய பிறகு 2023 மே மாதத்தில் மூடப்பட்ட ஹெர்டில் என்ற விளையாட்டில் பாட்டின் தொடக்கத்தை 1, 2, 4, 7, 11, 16 நொடிகள் என்று படிப்படியாகக் கேட்கவிடுவார்கள். அந்த அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் துண்டைப் பாட்டின் முதலிலிருந்து வெட்டாமல், முன்பு சொன்ன விருத்த முடிவிலிருந்து வெட்ட வேண்டும். நீட்டிப் பிடித்த ஹார்மோனியச் சுரமும் மிருதங்கத்தின் முதல் தட்டுமே ஏழு நொடிக்குள் விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். கேட்பவர் கண்டுபிடிப்பது பாட்டை மட்டுமன்று. தாளத்தை, ராகத்தின் சாயலை, சில சமயம் வாசிப்பவர் யார் என்பதையுமே. முகாரியோ புன்னாகவராளியோ எழுந்தால் அழுகைக் காட்சி என்று ஊகித்துவிடலாம் என்பதால், அத்தகைய துண்டுகளை நடத்துபவர்கள் தவிர்ப்பது நலம்.

மூன்றாவது, தலைப்பு விளையாட்டு. இணையத்தில் மியூசிக் லீக் என்ற பெயரில் நடக்கும் விளையாட்டின் முறை இது: ஒரு தலைப்பு தரப்படும், ஒவ்வொருவரும் அதற்குப் பொருந்தும் பாட்டை மறைவாகக் கொடுப்பார்கள், அனைத்தும் பெயரின்றி ஒரே பட்டியலாக வரும், கேட்டுவிட்டு மதிப்பெண் பகிர்வார்கள், கடைசியில்தான் யார் எதைக் கொடுத்தார் என்பது வெளியாகும். நாடகப் பாட்டுகளுக்கு இதில் ‘விடைபெறும் பாட்டு’, ‘பெண் கேலி செய்யும் பாட்டு’, ‘பொய் சொல்லும்போது பாடும் பாட்டு’ என்பன போன்ற தலைப்புகள் சிறப்பாக அமையும். வாட்ஸ்அப்பிலுள்ள வாக்கெடுப்பு வசதியை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அதில் யார் யாருக்கு வாக்களித்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும், மாமாவின் பாட்டுக்கு மருமகன் வாக்களிக்காமல் இருக்க முடியாது. கூகுள் படிவம் ஒன்றே போதுமானது.

நான்காவதாகச் சொல்வதுதான் என் பார்வையில் எல்லாவற்றிலும் மேலானது: தர்க்கம். தமிழர்களுக்குப் பாட்டு விளையாட்டு என்றாலே, இலங்கை வானொலியிலிருந்து வந்து தொலைக்காட்சியிலும் பி.எச். அப்துல் ஹமீது நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’ நினைவுக்கு வரும். அதில் எழுத்துதான் விதி. பொருள் எப்படியிருந்தாலும் கேள்வியில்லை. நாடகத் தர்க்கத்தில் பொருள்தான் விதி. குழுவை வள்ளி கட்சி, வேலன் கட்சி என்று இரண்டாகப் பிரியுங்கள். வேலன் கட்சியில் ஒருவர் குரல் பதிவாக ஒரு பாட்டடியைப் பாடி அனுப்புவார்; அதன் கூற்றை மறுக்கும் அல்லது மடக்கும் பாட்டடி ஒன்றை வள்ளி கட்சியார் பதினைந்து நிமிடத்துக்குள் அனுப்ப வேண்டும். நாடகப் பாட்டாக இருந்தால் 3, காவடிச்சிந்து, கண்ணி, திருப்புகழ் போன்ற பழைய வடிவங்களுக்கு 2, திரைப்பாட்டுக்கு 1. மேடையிலேயே பபூனும் சில சமயம் நாரதரும் திரைப்பாட்டை நுழைப்பதால் அதை ஒரேயடியாக விலக்குவது முறையன்று. சொந்தமாக அடி கட்டிப் பாடுபவருக்கு 5 கொடுங்கள். மேடையில் வள்ளியும் வேடனும் மணிக்கணக்கில் மோதிக்கொள்ளும்போது பாடத்தில் இல்லாத அடிகளை அந்த இடத்திலேயே கட்டுவது நல்ல நடிகர்களின் அடையாளம் என்பதால், அதற்கு உரிய மதிப்பை விளையாட்டிலும் கொடுப்பதே நியாயம்.

இங்கே நன்றாகப் பாட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதை முதலிலேயே தெளிவாக்கிவிடுங்கள். குரல் பதிவை ஒரே மூச்சில் எடுக்க வேண்டும், திரும்ப எடுத்து மெருகேற்றக் கூடாது என்ற விதி ஒருவகையில் எல்லோரையும் சமமாக்கும். எங்கள் குழுவில் எழுபதைக் கடந்த ஓர் ஐயா சமையலறையிலிருந்து குக்கர் விசில் சத்தத்தோடு அனுப்பும் பதில் அடிகளுக்குத்தான் இன்றுவரை சரியான மறுப்பு கிடைப்பதில்லை. அவர் சிறு வயதில் பாய்க்காரப் பார்வையாளராகக் கேட்டுக் கேட்டு மனத்தில் ஏற்றிக்கொண்டவை அவை. இப்படிப்பட்ட ஒருவரையேனும் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் ஒலிவாங்கியை மேலே தள்ளிப் பூட்டிவிட்டால் விரலை எடுத்துவிட்டுப் பாடலாம் என்பதை மட்டும் யாராவது அவருக்குக் காட்டிக்கொடுத்தால் போதும்.

கடல் கடந்த உறவினர்களையும் அழைக்கலாம். யாழ்ப்பாணத்தில் இதே நாடக மரபு இசை நாடகம் என்ற பெயரில் வளர்ந்தது. காங்கேசன்துறை வசந்த கான சபாவின் நடிகமணி வி.வி. வைரமுத்து அரிச்சந்திர மயான காண்டத்தால் அங்கே வீடுதோறும் அறியப்பட்டவர். மதுரைக்காரர் ஒருவரும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரும் உள்ள குழுவில் அரிச்சந்திரனையும் சத்தியவான் சாவித்திரியையும் தலைப்பாக வைத்தால், ஒரே கட்டத்தில் இருவர் காதிலும் இருக்கும் மெட்டுகள் எங்கே சேர்கின்றன, எங்கே பிரிகின்றன என்பது அன்றைக்கே வெளிப்பட்டுவிடும். டொரண்டோவிலும் லண்டனிலும் இருப்பவர்களுக்கு நேரம் ஒத்துவராது என்பதால், அத்தகைய சுற்றுக்கு மட்டும் பதினைந்து நிமிடத்தை ஒரு முழு நாளாக நீட்டிக்கொள்ளுங்கள்.

சுற்று முடிந்ததும் மதிப்பெண் பட்டியலோடு இன்னொன்றையும் நடத்துபவர் போட வேண்டும்: அந்த வாரம் எந்த ஊரில், என்ன நாடகம், பெட்டி வாசிப்பவர் யார் என்ற நோட்டீஸின் படம். வென்றவருக்குப் பரிசு, அந்த நாடகத்துக்குப் போய் அடுத்த சுற்றுக்கான துண்டுகளை எடுத்துவரும் உரிமை. போக்குவரத்துச் செலவைக் குழுவினர் பகிர்ந்துகொள்ளலாம். மிஞ்சினால், பாட்டு பிடித்துப்போகும் இடத்தில் ஹார்மோனியக்காரருக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிடலாம். ஒலிபெருக்கியில் பெயர் சொல்லித்தான் அதை வாங்குவார்கள். குழுவின் பெயரை முன்கூட்டியே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போவது நல்லது.